தனிமை உண்மையிலேயே கூடிக்கொண்டு போகிறதா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இளம் வயதினரிடம் தனிமை உணர்வு கூடியிருக்கிறது என்பதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. முதியவர்களிடம் கூடியிருக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை, சில இடங்களில் குறைந்தேகூட இருக்கிறது. மொத்தச் சமூகத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி "கூடிவிட்டது" என்றோ "குறைந்துவிட்டது" என்றோ சொல்ல முடியாது. ஆனால் செய்திகளைப் பார்த்தால் தனிமை ஒரு தொற்றுநோய் மாதிரி உலகம் முழுக்கப் பரவிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம்தான் வரும். நானும் பல வருடம் அதை அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். ஆய்வுகளை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்த பிறகுதான், இந்தக் கேள்விக்குள் நான்கைந்து வேறு வேறு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன என்று புரிந்தது.

முதல் சிக்கல் சொல்லிலேயே தொடங்குகிறது. தமிழில் "தனிமை" என்று நாம் சொல்லும்போது குறைந்தது மூன்று விஷயங்களைச் சொல்கிறோம். வீட்டில் வேறு யாரும் இல்லாமல் ஒற்றை ஆளாக வாழ்வது ஒன்று. பார்க்க, பேச, பழக மனிதர்கள் குறைவாக இருப்பது இன்னொன்று. மூன்றாவது, உள்ளுக்குள் ஏற்படும் அந்த வலி: சுற்றிலும் ஆட்கள் இருந்தாலும் நம்மைப் புரிந்துகொள்ள ஒருவரும் இல்லை என்ற உணர்வு. முதல் இரண்டையும் வெளியிலிருந்து பார்த்து எண்ணிவிடலாம். மூன்றாவதை, சம்பந்தப்பட்டவர் சொன்னால்தான் தெரியும். (நாமே விரும்பித் தேடிப்போகும் தனிமைக்கு ஏகாந்தம் என்று அழகான ஒரு சொல் இருக்கிறது. அது இங்கே நம் கணக்கில் வராது.)

ஆய்வாளர்கள் தனிமை உணர்வை இப்படி விளக்குவார்கள்: ஒருவருக்கு எவ்வளவு உறவும் நெருக்கமும் வேண்டியிருக்கிறதோ, அதற்கும் அவருக்கு உண்மையில் கிடைப்பதற்கும் நடுவே இருக்கும் இடைவெளி. சிகாகோவில் பல வருடம் இதை ஆராய்ந்த ஜான் கசியோப்போ, பசி, தாகம் மாதிரிதான் இதுவும் என்றார். உடம்புக்குச் சாப்பாடு வேண்டும் என்று பசி சொல்கிறது, மனிதர்கள் வேண்டும் என்று தனிமை சொல்கிறது. எனக்கு இந்த ஒப்புமை மிகவும் பிடிக்கும், ஏனென்றால் தனிமையாக உணர்பவரைக் குறைபாடுள்ளவராகப் பார்க்கும் பழக்கத்தை அது ஒரே அடியில் உடைத்துவிடுகிறது. பசிக்கிறது என்று சொல்பவரை யாரும் பலவீனமானவர் என்று நினைப்பதில்லையே.

இடைவெளி என்று புரிந்துகொண்டால் ஒரு விஷயம் உடனே தெளிவாகிவிடும். ஐந்து நண்பர்கள் வேண்டும் என்று ஏங்குபவருக்கு இரண்டு பேர் இருந்தால் தனிமை. ஒருவர் போதும் என்பவருக்கு அந்த ஒருவர் இருந்தால் நிறைவு. அதனால் தனியாக வாழ்பவர்களின் எண்ணிக்கையைக் காட்டி "பாருங்கள், தனிமை கூடிவிட்டது" என்று சொல்வது சரியான வாதம் இல்லை. அந்த எண்ணிக்கை நிச்சயமாகக் கூடியிருக்கிறது. அமெரிக்காவில் 1960-ல் மொத்த வீடுகளில் 13 சதவீதம் ஒற்றை ஆள் வீடுகள், 2022-ல் அது சுமார் 29 சதவீதம். ஸ்வீடன், பின்லாந்து போன்ற நாடுகளில் 40 சதவீதத்துக்கும் மேல். அப்படியானால் ஐரோப்பாவிலேயே மிகவும் தனிமையானவர்கள் அந்த வடக்கு நாட்டுக்காரர்களாக இருக்க வேண்டும் அல்லவா? சர்வேக்களில் வருவது நேர்மாறாக இருக்கிறது. குடும்பமாகச் சேர்ந்து வாழும் பழக்கம் அதிகமுள்ள தெற்கு, கிழக்கு ஐரோப்பிய நாடுகளில்தான் தனிமையாக உணர்வதாகச் சொல்பவர்கள் அதிகம். தனியாக வாழும் ஒரு மனிதருக்குத் தனிமை வரும் வாய்ப்பு கூடுதல்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு சமூகம் முழுவதையும் பார்க்கும்போது வீட்டில் எத்தனை பேர் என்பதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது.

சரி, உள்ளுக்குள் இருக்கும் உணர்வை எப்படி அளக்கிறார்கள்?

இரண்டு வழிகள். "நீங்கள் எவ்வளவு அடிக்கடி தனிமையாக உணர்கிறீர்கள்?" என்று நேராகவே கேட்பது ஒன்று. தனிமை என்ற சொல்லையே வாயில் எடுக்காமல் சுற்றி வளைத்துக் கேட்பது இன்னொன்று. இரண்டாவது வகையில் மிகவும் பிரபலமானது 1978-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில், உருவான 20 கேள்விகள் கொண்ட அளவுகோல். 2004-ல் அதைப் பெரிய சர்வேக்களுக்காக மூன்றே கேள்விகளாகச் சுருக்கினார்கள்: எனக்குத் துணை இல்லை என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது, ஒதுக்கப்பட்டதாக எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது, மற்றவர்களிடமிருந்து விலகிப்போனதாக எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது. நேராகக் கேட்டால் பெண்கள்தான் அதிகம் தனிமையாக இருப்பதாக வரும். சுற்றி வளைத்துக் கேட்டால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் சுருங்கிவிடும். காரணம் கஷ்டமானதில்லை, "நான் தனிமையில் இருக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல ஆண்கள் கூச்சப்படுகிறார்கள். இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒரு சமூகத்தில் இந்தக் கூச்சம் மெல்ல மெல்லக் குறைந்தால், தனிமை கூடாமலேயே "நான் தனிமையாக உணர்கிறேன்" என்று சொல்பவர்களின் எண்ணிக்கை மட்டும் கூடும். அது நல்ல மாற்றம், ஆனால் வரைபடத்தில் கெட்ட செய்தி மாதிரி தெரியும்.

அடுத்து, "எவ்வளவு அடிக்கடி" என்பதை எங்கே வெட்டுகிறார்கள் என்பது. பிரிட்டனில் 2022-ல் அடிக்கடி அல்லது எப்போதும் தனிமையாக உணர்வதாகச் சொன்னவர்கள் சுமார் 7 சதவீதம். அதே சர்வேயில் எப்போதாவது உணர்வதாகச் சொன்னவர்களையும் சேர்த்துக்கொண்டால் கிட்டத்தட்ட பாதிப் பேர். இரண்டுமே உண்மையான எண்கள்தான். "நாட்டில் பாதிப் பேர் தனிமையில்" என்று ஒரு தலைப்பு போடலாம், "14 பேரில் ஒருவர் தனிமையில்" என்றும் போடலாம். எப்போதாவது தனிமையாக உணர்வது மனிதனாக இருப்பதன் ஒரு பகுதி. ஊர் மாறினால், வேலை மாறினால், நெருங்கிய ஒருவர் பிரிந்தால் எல்லோருக்கும் வரும், பெரும்பாலும் போய்விடும். உடம்பையும் மனதையும் நீண்ட காலத்தில் பாதிப்பது போகாமல் தங்கிவிடும் தனிமை. ஆகவே யாராவது ஒரு சதவீதத்தைக் காட்டினால் அதில் "எப்போதாவது" சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அளப்பதில் எவ்வளவு பெரிய தவறு நடக்கலாம் என்பதற்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் பொதுச் சமூக ஆய்வு என்று பல பத்தாண்டுகளாக நடக்கும் ஒரு சர்வே இருக்கிறது. அதில் 1985-ல் ஒரு கேள்வி கேட்டார்கள்: கடந்த ஆறு மாதத்தில் உங்களுக்கு முக்கியமான விஷயங்களை யார் யாரிடம் பேசினீர்கள்? நம் மொழியில் சொன்னால், மனம்விட்டுப் பேச ஆள் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி. அப்போது ஒருவர் சராசரியாக மூன்று பேர் பெயர்களைச் சொன்னார், ஒருவருமே இல்லை என்றவர்கள் சுமார் 10 சதவீதம். 2004-ல் அதே கேள்வியை மறுபடியும் கேட்டபோது சராசரி இரண்டாகக் குறைந்துவிட்டது, ஒருவருமே இல்லை என்றவர்கள் கிட்டத்தட்ட கால்வாசி. 2006-ல் இந்த முடிவு வெளியானதும் பெரிய பரபரப்பு. இருபது வருடத்தில் கால்வாசி மக்களுக்குப் பேச்சுத்துணைக்குக்கூட ஆள் இல்லாமல் போய்விட்டது என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின.

கிளாட் பிஷர் என்ற சமூகவியலாளருக்கு மட்டும் இது உறுத்தியது. மக்களின் உறவுகளைப் பற்றிய மற்ற ஆய்வுகள் எதிலும் இவ்வளவு பெரிய சரிவு தெரியவில்லையே, இது ஒன்றில் மட்டும் ஏன் என்று 2009-ல் கேட்டார். பிறகு 2013-ல் வேறு இரண்டு ஆய்வாளர்கள், கேள்வி கேட்கப் போன பணியாளர்கள் ஒவ்வொருவருக்கும் என்ன பதில் வந்தது என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். "ஒருவரும் இல்லை" என்ற பதில் சில பணியாளர்களிடம் மட்டும் குவிந்து கிடந்தது. யோசித்தால் புரியும்: பதில் சொல்பவர் ஒரு பெயரைச் சொன்னால் அந்த நபரைப் பற்றி அடுத்தடுத்து கேள்விகள் கேட்க வேண்டும், மூன்று பெயர் சொன்னால் வேலையும் மூன்று மடங்கு. "யாரும் இல்லை" என்று எழுதிவிட்டால் அந்தப் பகுதி உடனே முடிந்துவிடும். நீண்ட பேட்டியில் கேட்பவருக்கும் களைப்பு, பதில் சொல்பவருக்கும் களைப்பு. இதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டதும் அந்தப் பயங்கரமான உயர்வு பெரும்பாலும் காணாமல் போய்விட்டது. ஆனால் முதலில் வந்த செய்தி இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது, திருத்தம் அந்த அளவுக்குப் பரவவே இல்லை.

இப்போது இந்த விஷயத்திலேயே முக்கியமான இடத்துக்கு வருகிறோம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இன்று ஒரு சர்வே எடுத்தால் பல நாடுகளில் 20 வயதுக்காரர்கள் 50 வயதுக்காரர்களைவிட அதிகம் தனிமையாக உணர்வதாக வருகிறது. இதைப் பார்த்ததும் "அந்தத் தலைமுறை நன்றாக இருந்தது, இந்தத் தலைமுறை தனித்துவிட்டது, ஆக தனிமை கூடுகிறது" என்று முடிவுக்கு வந்துவிடுகிறோம். ஆனால் 20 வயது என்பதே ஒரு தனிமையான வயதாக இருக்கலாம். வீட்டைவிட்டு வெளியே போகிறோம், பள்ளி நண்பர்கள் சிதறுகிறார்கள், வேலை, துணை எதுவும் இன்னும் நிலைக்கவில்லை. இன்று 50 வயதில் இருப்பவரை அவரது 20 வயதில் கேட்டிருந்தால் அவரும் இதே பதிலைச் சொல்லியிருக்கலாம். இது வயதின் விளைவு. குறிப்பிட்ட வருடங்களில் பிறந்தவர்கள் எந்த வயதிலும் கூடுதல் தனிமையோடு இருந்தால் அது தலைமுறையின் விளைவு. போர், பெருந்தொற்று மாதிரி ஒரு காலகட்டம் எல்லா வயதினரையும் ஒரே நேரத்தில் தாக்கினால் அது காலத்தின் விளைவு. ஒரே ஒரு நாளில் எடுத்த சர்வேயை வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் பிரிக்கவே முடியாது. "கூடுகிறதா" என்று தெரிய வேண்டுமானால் இன்றைய 20 வயதுக்காரரை முப்பது வருடத்துக்கு முந்தைய 20 வயதுக்காரரோடு, அதே கேள்வியைக் கேட்டு ஒப்பிட வேண்டும். பத்திரிகைகளில் வரும் பெரும்பாலான ஒப்பீடுகள் இதைச் செய்வதில்லை.

செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2015-ல் வெளியான ஓர் ஆய்வு அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் 1978 முதல் 2009 வரையிலான தனிமை ஸ்கோர்களைத் திரட்டியது. முடிவு: தனிமை கொஞ்சம் குறைந்திருந்தது! அதே ஆய்வு 1991 முதல் 2012 வரை சுமார் 3 லட்சத்து 85 ஆயிரம் பள்ளி மாணவர்களையும் பார்த்தது, அங்கேயும் லேசான சரிவு. அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பழகுவதற்கு நண்பர்கள் இருக்கிறார்களா என்ற பகுதியில் நிலைமை மிகச் சிறிதளவு மோசமாகியிருந்தது, ஆனால் ஒதுங்கிப்போனதாக உணரும் பகுதியில் முன்னேற்றம். நண்பர்கள் கொஞ்சம் குறைந்தார்கள், ஏக்கமும் குறைந்தது. மேலே சொன்ன அந்த இடைவெளியை நினைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்கினால் இடைவெளி பெரிதாகாது.

பிறகு 2021-ல் இன்னொரு பெரிய தொகுப்பு வந்தது. 1976 முதல் 2019 வரை நடந்த 345 ஆய்வுகள், சுமார் 1 லட்சத்து 25 ஆயிரம் இளைஞர்கள். இதில் தனிமை மெல்ல, ஆனால் சீராகக் கூடியிருப்பதாகத் தெரிந்தது. இரண்டும் மோதுகிறதே என்று தோன்றும். முதல் ஆய்வு அமெரிக்காவோடு நின்றது, அதன் கணக்கு 2009-லும் 2012-லும் முடிந்துவிட்டது. இரண்டாவது அதற்குப் பிந்தைய வருடங்களையும் வேறு நாடுகளையும் சேர்த்துக்கொண்டது.

அந்தப் பிந்தைய வருடங்கள்தான் கவலையாக இருக்கின்றன. பல நாடுகளில் 15 வயது மாணவர்களை அளக்கும் பீசா தேர்வின் கேள்வித்தாளில் "பள்ளியில் நான் தனிமையாக உணர்கிறேன்" என்பது மாதிரியான வாக்கியங்கள் சில வருடங்களில் இடம்பெற்றன. 37 நாடுகளை 2000 முதல் 2018 வரை ஒப்பிட்டதில், 2012-க்கும் 2018-க்கும் இடையே 36 நாடுகளில் பள்ளித் தனிமை கூடியிருந்தது. அதிகத் தனிமையில் இருந்த மாணவர்களின் பங்கு கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. எனக்குத் தெரிந்தவரை தனிமை கூடுகிறது என்பதற்கு நம்மிடம் இருக்கும் வலுவான ஆதாரம் இதுதான், ஏனென்றால் ஒரே வயது, ஒரே கேள்வி, வேறு வேறு வருடங்கள்.

ஸ்மார்ட்போன் காரணமா? அந்த ஆய்வை நடத்தியவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள், போனும் இணையமும் பரவிய வேகத்தோடு தனிமையும் சேர்ந்து ஏறியதைக் காட்டுகிறார்கள். இரண்டு கோடுகள் சேர்ந்து ஏறுவதால் மட்டும் ஒன்றுக்கு மற்றது காரணமாகிவிடாது என்று மற்றவர்கள் வாதாடுகிறார்கள், விவாதம் இன்னும் ஓயவில்லை. போன் நேரடியாக மனதைக் கெடுப்பதைவிட, நேரில் சந்திக்கும் நேரத்தை அது விழுங்குவதுதான் முக்கியம் என்பது என் கருத்து. அமெரிக்காவில் நண்பர்களோடு நேரில் செலவிடும் நேரம் 2003-ல் ஒரு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம், 2020-ல் 20 நிமிடம். 2020 பெருந்தொற்று வருடம் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஆனால் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பெருந்தொற்றைப் பொறுத்தவரை, எல்லோரும் பயந்த அளவுக்குத் தனிமை உயரவில்லை, சிறிய உயர்வுதான் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

முதியவர்கள் பக்கம் போனால் படம் வேறு. ஸ்வீடனில் 77 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை 1992 முதல் 2014 வரை பல முறை கேட்டார்கள், தனிமை கூடவில்லை. அமெரிக்காவில் 2019-ல் வந்த ஆய்வும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த தலைமுறை, முந்தைய தலைமுறையைவிடத் தனிமையில் இல்லை என்றது. நெதர்லாந்தில் பின்னால் பிறந்த முதியவர்கள் முந்தையவர்களைவிடக் குறைவான தனிமையோடு இருக்கிறார்கள். உடல்நலம் மேம்பட்டதும், கணவனோ மனைவியோ கூடுதல் வருடங்கள் உயிரோடு இருப்பதும் இதற்கு உதவியிருக்கலாம், ஏனென்றால் முதுமையில் தனிமையைக் கொண்டுவருவது பெரும்பாலும் துணையின் இழப்பும் நோயும்தான். 70 வயது தாண்டிய பிறகு தனிமை ஏறுவதற்கும் இவைதான் முக்கியக் காரணம்.

ஆனால் சதவீதம் கூடாவிட்டாலும் தலைகளின் எண்ணிக்கை கூடும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஓர் ஊரில் 100 முதியவர்களில் 10 பேர் தனிமையில் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதியவர்கள் 300 ஆனால், அதே 10 சதவீதம் என்றாலும் 30 பேர். விகிதம் அசையவில்லை, ஆனால் கதவைத் தட்டிப் பேச வேண்டிய வீடுகள் மூன்று மடங்கு. திட்டம் போடுபவர்களுக்கு இந்த இரண்டாவது எண்தான் வேண்டும்.

உலக அளவில் பார்த்தால் ஆறில் ஒருவர் தனிமையில் இருக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025-ல் சொன்னது. அந்த அறிக்கையில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று: வருமானம் குறைந்த நாடுகளில் சுமார் 24 சதவீதம், வசதியான நாடுகளில் சுமார் 11 சதவீதம். தனிமை பணக்கார நாடுகளின் நோய் என்று எவ்வளவு காலமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்! பிரிட்டன் 2018-லும் ஜப்பான் 2021-லும் தனிமைக்கென்று அமைச்சர்களையே நியமித்தன, அதனால் நம் கண்ணும் அந்தப் பக்கமே போனது. அதோடு நீண்ட காலக் கணக்குகள் கிட்டத்தட்ட எல்லாமே ஒரு சில வசதியான நாடுகளில் எடுக்கப்பட்டவை. அங்கே கூடியதா குறைந்ததா என்று வாதாடலாம், மற்ற இடங்களில் ஒப்பிடுவதற்கு முப்பது வருடத்துக்கு முந்தைய எண்ணே கிடையாது. அந்த நாடுகளில் இன்று ஒரே கேள்வியை வருடா வருடம் கேட்கத் தொடங்குவதே பெரிய உதவி.

பீசாவில் 2018-ல் பதில் எழுதிய அந்த 15 வயதுப் பிள்ளைகள் இப்போது இருபதுகளில் இருக்கிறார்கள். அன்று அவர்கள் சொன்ன தனிமை, பள்ளியோடும் அந்த வயதோடும் கடந்துபோன ஒன்றா, அல்லது அவர்கள் தலைமுறையோடு சேர்ந்தே வளரப்போகிற ஒன்றா என்று இன்னும் பிரித்துச் சொல்ல முடியாது. 2033 வாக்கில் அவர்களுக்கு 30 வயது ஆகும். அப்போது இதே கேள்வியை அவர்களிடமும், அதே வருடத்தில் 15 வயதில் இருக்கப்போகும் பிள்ளைகளிடமும் மறுபடியும் கேட்க வேண்டும்.